லால்பாக் பாறைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய புத்தகங்கள்

பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஓர் ஒழுங்கு உண்டு. மூன்றாம் மாதச் சம்பளத்தில் கேமரா வாங்குவார்கள். நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிய மூன்று மணி இருக்கும்போதே எழுந்து பைக்கில் நந்தி மலைக்குப் போவார்கள். கைப்பிடிச் சுவரோரம் தோளோடு தோள் உரச நின்று, பக்கத்தில் நிற்பவர் எடுக்கும் அதே மேகத்தையும் அதே சூரியனையும் எடுத்துக்கொண்டு, இறங்கும் வழியில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் படம் சப்பென்று இருக்கும். உடனே லென்ஸ் சரியில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டு, வைட் ஆங்கிள் லென்ஸுக்குத் தவணை கட்டத் தொடங்குவார்கள்.

நான் சொல்வது என் கதைதான். தவணை பதினெட்டு மாதம் ஓடியது. புது லென்ஸில் எடுத்த நந்தி மலையும் சப்பென்றுதான் இருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் அகலமாக.

அல்சூரில் அந்தக் காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு பெரியவர்தான் என்னைத் திருப்பிவிட்டார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்வளவு தூரம் போய் எடுத்திருக்கிறாயே, உன் வீட்டிலிருந்து லால்பாக் எவ்வளவு தூரம்?" என்றார். இருபது நிமிடம் என்றேன். "முதலில் அந்தப் பாறையை ஒழுங்காக எடுத்துக்கொண்டு வா. போகும்போது இதையும் கொண்டு போ" என்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக் கொடுத்தார். அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் எழுதியது. அப்போது எனக்கு அதில் கால்வாசிகூடப் புரியவில்லை. ஆனால் பாறையும் புத்தகமும் ஒன்றாகப் போக வேண்டியவை என்பது மட்டும் புரிந்தது. எந்தப் புத்தகம் முதலில், எது பிறகு என்று நான் தடுமாறிக் கற்ற வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நிலக்காட்சிப் படம் எடுக்க விரும்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது.

முதலில் ஓர் இடம்

புத்தகம் வாங்கும் முன்பே, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அல்சூர் ஏரி, ஹெசரகட்டா புல்வெளி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கல் குவாரி, எதுவானாலும் சரி. ஒரு வருடத்துக்கு அந்த ஒரே இடம்தான். படிக்கிற ஒவ்வொரு பாடத்தையும் அங்கே கொண்டுபோய்ச் செய்து பார்க்க வேண்டும்.

என்னுடையது லால்பாக் பாறை. கெம்பே கௌடா கோபுரம் நிற்கிறதே, அந்த மேடு. ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையான நைஸ் வகைப் பாறை அது; இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. படம் எடுப்பவனுக்கு அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: காய்ந்திருக்கும்போது அது யானைத் தோல் மாதிரிச் சாம்பல் நிறம், மழை பெய்த அரை மணி நேரத்தில் கறுப்பு, பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் வானம் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரே பாறையில் மூன்று நிலம்.

ட்ரைபாட் விரிக்கலாமா, கேமராவுக்குக் கட்டணம் உண்டா என்பதை வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பூங்காக்களில் இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். சண்டை போட்டு எடுக்கிற படத்தில் கை நடுங்கும்.

இரண்டாவதாக, கைக்கு ஒரு புத்தகம்

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பது பற்றி ஒரே ஒரு புத்தகம் போதும். நான் சொல்வது பிரையன் பீட்டர்சன் எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்'. 1990இல் முதலில் வந்தது. 2016இல் நான்காம் பதிப்பு. பழைய பதிப்புகளில் ஃபிலிம் பேச்சு அதிகம் என்பதால், பழைய புத்தகக் கடையில் வாங்குவதானால் 2010இல் வந்த மூன்றாம் பதிப்புக்குக் கீழே போக வேண்டாம்.

அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் வேகம் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்), ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதை அவர் முக்கோணமாக வைத்து விளக்குகிறார். அதை எல்லோரும் சொல்வார்கள். அவருடைய தனிச் சிறப்பு அப்பர்ச்சரை வேலை வாரியாகப் பிரித்ததுதான். காலடிக் கல் முதல் தொடுவானம் வரை எல்லாம் தெளிவாகத் தெரிந்து கதை சொல்ல வேண்டுமா, ஒன்று மட்டும் தெளிந்து மற்றது மங்க வேண்டுமா, இல்லை எல்லாமே ஒரே தூரத்தில் இருப்பதால் எஃப் 8, எஃப் 11 (எண் கூடினால் துளை சிறுக்கும்) என்று எதை வைத்தாலும் கவலையில்லையா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். எண் அதற்குப் பிறகுதான்.

இதை லால்பாக்கில் இப்படிச் செய்து பாருங்கள். கேமராவை மேனுவலில் வையுங்கள். பாறையின் ஒரு தண்ணீர்ப் பள்ளத்துக்கு முன்னால் முழங்காலிட்டு, பள்ளம் கீழேயும் கோபுரம் மேலேயும் வருமாறு சட்டகம் அமைத்து, எஃப் 4, எஃப் 8, எஃப் 16 என்று மூன்று படம் எடுங்கள். ஷட்டர் வேகத்தை மட்டும் ஈடுகட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருபது பக்கம் படித்தும் புரியாதது இருபது வினாடியில் புரிந்துவிடும்.

ஒரு திருத்தம். அவர் தயங்காமல் எஃப் 22 வரை போகச் சொல்வார். நம்மில் பலரிடம் இருப்பது சிறிய சென்சார் கேமரா. அதில் துளையை அவ்வளவு சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுக்க லேசாக மழுங்கும். நான் எஃப் 11ஐத் தாண்டுவது அபூர்வம்.

மூன்றாவதாக, புத்தகத்தில் நான் ஏமாந்த கதை

அடுத்து, சட்டகத்துக்குள் எதை விடுவது, எதை வெளியே தள்ளுவது என்ற கேள்வி. இதற்கு மைக்கேல் ஃப்ரீமன் எழுதிய 'தி போட்டோகிராஃபர்ஸ் ஐ' புத்தகத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2007இல் வந்தது. நானும் அதைத்தான் இணையத்தில் பழைய பிரதியாக வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள், விளக்கம் மிகக் குறைவு. யாரோ ஒரு சார்கோவ்ஸ்கி பெயர் போட்டிருந்தது. கடைக்காரரிடம் தொலைபேசியில் கத்தினேன். அவர் பொறுமையாக, "நீங்கள் கேட்ட பெயர்தானே, சார்?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. ஒரே பெயரில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஜான் சார்கோவ்ஸ்கி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒளிப்படப் பிரிவின் தலைவராக இருந்தவர். 1964இல் அங்கே நடத்திய கண்காட்சியை வைத்து 1966இல் அவர் வெளியிட்டது அந்தப் புத்தகம். நீங்கள் வாங்கும்போது ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பார்த்து வாங்குங்கள். முதலில் வேண்டியது ஃப்ரீமன். ஒரு காட்சியை முதலில் எப்படிப் பார்த்தார், பிறகு எங்கே நகர்ந்தார், எதை விலக்கினார் என்று ஒரே இடத்தில் எடுத்த பல படங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதுதான் அதன் பலம். கடைசிப் படத்தை மட்டும் காட்டி நம்மை மலைக்க வைக்கும் புத்தகங்களால் பயன் இல்லை; தோற்ற படங்களையும் சேர்த்துக் காட்டுகிறவரிடம்தான் கற்க முடியும்.

ஆனால் அன்று தவறுதலாக வந்த சார்கோவ்ஸ்கியை நான் திருப்பி அனுப்பவில்லை. இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. படம் என்றால் ஐந்து விஷயம் என்கிறார்: பொருள், அதன் சிறு துணுக்கு, சட்டகம், நேரம், நிற்கும் இடம். ரூல் ஆஃப் தேர்ட்ஸ் என்று சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரித்துக் கட்டம் போட்டுக்கொண்டு அலைந்தவனுக்கு இந்த ஐந்தும் கண் திறந்தமாதிரி இருந்தது.

ஃப்ரீமனைப் படிக்கும் மாதத்தில் கேமராவோடு ஒரு பழைய காலண்டர் அட்டையும் கொண்டு போங்கள். அதை ட வடிவில் இரண்டு துண்டாக வெட்டி எதிரெதிரே பிடித்தால் பெரிதும் சிறிதுமாக மாற்றக்கூடிய ஒரு சட்டகம். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு அட்டை வழியாக மட்டும் அரை மணி நேரம் பாருங்கள். காலை நடைக்கு வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

புத்தகத்தின் வெயிலும் நம் வெயிலும்

இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்தத் துறையில் நல்ல புத்தகங்கள் பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அவற்றில் சூரியன் உதித்தபின் ஒரு மணி நேரம் பொன் வெளிச்சம் என்று கூசாமல் எழுதியிருக்கும். அதை நம்பி ஆற அமர ட்ரைபாட் விரித்தால், விரித்து முடிப்பதற்குள் வெளிச்சம் வெளுத்துவிடும்.

கணக்கு எளிது. பெங்களூர் இருப்பது 13 பாகை அட்சரேகையில். இங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து செங்குத்தாக ஏறும். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், உதித்தபின் 6 பாகை உயரத்தை எட்ட இங்கே ஏறக்குறைய 25 நிமிடம்தான். லண்டனில் அதே உயரத்துக்கு 40 நிமிடம் ஆகும். டிசம்பரில் நிலைமை இன்னும் வேறு: லண்டனில் நண்பகல் சூரியனே 15 பாகைக்கு மேல் ஏறாது, ஆகவே அங்கே பகல் முழுவதும் சாய்ந்த வெயில். நமக்கோ டிசம்பர் நண்பகலிலும் 53 பாகைக்கு மேல். ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கே வந்து, நட்டுவைத்த கம்புக்கு நிழலே இல்லாமல் போய்விடும்.

அதனால் புத்தகம் ஒரு மணி நேரம் என்றால் நீங்கள் இருபது நிமிடம் என்று படித்துக்கொள்ளுங்கள். உதயத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே இடத்தில் இருங்கள். சட்டகத்தை முந்தின நாள் மாலையே முடிவு செய்துவிடுங்கள். லால்பாக் வாயில் காலை ஆறு மணி வாக்கில்தான் திறக்கும். மே கடைசியில் சூரியன் ஆறுக்கு முன்பே வந்துவிடும். ஜனவரி கடைசியிலோ ஆறே முக்கால் ஆகும். எனவே லால்பாக்கில் விடியலைப் பிடிக்கக் குளிர்கால மாதங்கள். மற்ற மாதங்களில் மாலை. செப்டம்பர், அக்டோபரில் மழை விட்ட மாலைக்கு ஈடு வேறு கிடையாது. தூசி எல்லாம் கழுவப்பட்டு, மேகம் கிழிந்து, பாறை ஈரத்தில் மின்னும்.

படப் புத்தகத்தை எப்படிப் பார்ப்பது

கையும் கண்ணும் ஓரளவு பழகியபின் படப் புத்தகங்களுக்கு வாருங்கள். இவற்றைப் புரட்டக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். நான் செய்வது இது: படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், முக்கியமான கோடுகளை மட்டும் வரைவேன், பிறகு தாளைத் தனியே எடுத்து, படத்தில் மிக இருண்ட பகுதிகளைப் பென்சிலால் நிரப்புவேன். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். தலைகீழாக்கினால் மலை, மரம், ஏரி என்ற பெயர்கள் மறைந்து, வெறும் கறுப்பும் வெளுப்புமாகத் தெரியும். எது எதைத் தாங்குகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

இதற்கு நான் சிபாரிசு செய்வது பெரியவர் கொடுத்த அந்தப் புத்தகத்தைத்தான்: ஆன்சல் ஆடம்ஸ் 1983இல் வெளியிட்ட 'எக்ஸாம்பிள்ஸ்: தி மேக்கிங் ஆஃப் 40 போட்டோகிராப்ஸ்'. நாற்பது படம், ஒவ்வொன்றையும் எங்கே, எந்தக் கேமராவில், எந்த ஃபில்டரோடு எடுத்தார், எதில் சறுக்கினார் என்று அவரே சொல்கிறார். 'தி கேமரா', 'தி நெகட்டிவ்', 'தி பிரிண்ட்' என்ற அவருடைய மூன்று தொகுதிகளை எல்லோரும் பயபக்தியோடு சொல்வார்கள். அவை ஃபிலிமும் இருட்டறையும் பற்றியவை, தொடங்குகிறவர்களுக்கு வேண்டாம். 'எக்ஸாம்பிள்ஸ்' போதும்.

அதில் ஒரு படத்தை மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர், மேலே நிலா, கீழே கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் மறையும் சூரியனின் கடைசி வெளிச்சம். ஆடம்ஸ் காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காட்சியைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி, 8க்கு 10 அங்குலக் கேமராவை அவசரமாக நிறுத்தினார். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காணவில்லை. தேட நேரம் இல்லை. நிலாவின் பிரகாசம் ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்று மனப்பாடமாகத் தெரியும். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு எஃப் 32இல் ஒரு வினாடி கொடுத்தார். பாதுகாப்புக்கு இன்னொரு படம் எடுக்கலாம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பினார். சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்விட்டது. ஒரே நெகட்டிவ்.

அந்த மனிதருக்குத் தேதி எழுதிவைக்கும் பழக்கம் கிடையாது. ஆண்டையே மாற்றி மாற்றிச் சொன்னார். வானியலாளர்கள் நிலாவின் இருப்பை வைத்துக் கணக்கிட்டு 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று பிற்காலத்தில் கண்டுபிடித்தார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். முதலில் அச்சிட்ட பிரதிகளில் வானம் அவ்வளவு இருட்டில்லை, மேகங்கள் தெரியும். ஆண்டுகள் போகப்போக அவர் அதே நெகட்டிவிலிருந்து வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். டிரேசிங் தாளில் வரைந்தால் தெரியும்: படத்தில் பாதிக்கு மேல் வெறும் கருவானம். ஊரும் சிலுவையும் அடியில் ஒரு பட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. எடிட் செய்தால் பாவம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை இருமுறை பார்க்கலாம்.

அவருடைய ஸோன் முறையிலிருந்தும் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு முதல் வெள்ளை வரை 0 முதல் 10 வரையான பதினொரு படிகள். நடுவில் ஐந்தாம் படியில் 18 சதவீதச் சாம்பல். கேமராவின் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் அந்தச் சாம்பலாக்கத்தான் தெரியும். நந்தி மலை மூடுபனி ஏன் அழுக்குத் துணி மாதிரி வந்தது என்பதற்கு விடை இதுதான். பனியை நீங்கள் ஆறாம், ஏழாம் படிக்குத் தூக்க வேண்டும். அதாவது மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப், சில சமயம் இரண்டு ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). நனைந்த லால்பாக் பாறைக்கு நேர்மாறு: குறைக்க வேண்டும். என் பதினெட்டு மாதத் தவணைக்குப் பதில் இந்த ஒரு பத்தி போதுமாக இருந்திருக்கும்.

கால் ஓயாதவர்களுக்குக் கேலன் ரோவெல் எழுதிய 'மவுண்டன் லைட்', 1986. மலையேறியாகவும் கார் மெக்கானிக்காகவும் இருந்து, பிறகு ஒளிப்படக்காரரானவர். சிறிய 35 மில்லிமீட்டர் கேமராவோடு மலைகளில் ஓடியவர். 1981இல் லாசாவில் பொட்டாலா அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு வானவில்லைக் கண்டார். அரண்மனைக் கூரை மேல் அது இறங்கவில்லை. எங்கோ தள்ளி இருந்தது. அவர் ஓடினார். வானவில்லுக்குத் தனக்கென்று ஓர் இடம் கிடையாது. சூரியனுக்கு நேரெதிர்ப் புள்ளியைச் சுற்றி 42 பாகை வளையத்தில் தெரிவது அது. பார்ப்பவர் நகர்ந்தால் அதுவும் நகரும். இயற்பியல் தெரிந்ததால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. படமும் கிடைத்தது.

அழகில்லாத நிலத்துக்கு

பெங்களூரில் இருந்துகொண்டு ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் மனம் சோர்ந்துவிடும். நம் கண் முன்னால் இருப்பது சர்ஜாபூர் சாலையில் யூகலிப்டஸ் தோப்பைத் தின்றுகொண்டிருக்கும் அடுக்குமாடிகள். 2015இல் நுரையே தீப்பற்றி எரிந்த பெல்லந்தூர் ஏரி. இதுவும் நிலம்தான். இதை எடுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 'நியூ டோபோகிராஃபிக்ஸ்' என்றொரு கண்காட்சி நடந்தது. மனிதன் மாற்றிய நிலம் என்பது அதன் துணைத் தலைப்பு. அதில் இடம்பெற்றவர்களில் ஒருவர் ராபர்ட் ஆடம்ஸ் (ஆன்சலுக்கு உறவில்லை). கொலராடோவின் புறநகர் வீட்டுமனைகளை எடுத்து 1974இல் 'தி நியூ வெஸ்ட்' வெளியிட்டவர். பெரும்பாலும் சுள்ளென்ற வெயிலில் எடுத்த படங்கள். எனக்குப் பிடித்தது 1981இல் வந்த அவருடைய சிறு கட்டுரைத் தொகுதி, 'பியூட்டி இன் போட்டோகிராபி'. நிலக்காட்சிப் படம் மூன்று உண்மைகளைத் தர முடியும் என்கிறார் அதில்: அந்த இடத்தின் நில அமைப்பு, எடுத்தவரின் வாழ்க்கை, உருவகம். என் நந்தி மலைப் படத்தில் முதலாவது மட்டும் இருந்தது, அதுவும் அரைகுறையாக. கட்டுரைகளை மெதுவாகத்தான் படிக்க முடியும். முதல் வருடத்தில் வேண்டாம்.

நம் மண்ணை எடுத்தவர்களில் லினேயஸ் ட்ரைப்பைத் தவறவிடாதீர்கள். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி. பெங்களூரைத் தளமாக வைத்துக்கொண்டு, 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக் கிளம்பி, ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஆக்கினார். அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் மேகங்களை நெகட்டிவின் மேல் தானே தீட்டினார். அவரைப் பற்றி 2014இல் வந்த பெரிய நூல் விலை அதிகம். நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் ஒன்று

இது ஒளிப்படப் புத்தகம் இல்லை. ஆனாலும் பட்டியலில் வைக்கிறேன்: நக்கீரர் பாடிய நெடுநல்வாடை. 188 அடிதான், அதிலும் முதல் பகுதி போதும்.

மழைக்காலக் குளிரைச் சொல்ல வேண்டும். குளிர் என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள். நக்கீரர் என்ன செய்கிறார்? வெள்ளத்தால் மேட்டு நிலத்துக்குப் போன கோவலர்கள் தீயில் கை காய்ச்சிக்கொண்டு கன்னம் நடுங்க நிற்கிறார்கள். மாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்திகள் ஒடுங்கிக் கிடக்கின்றன. பறவைகள் விழுகின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. இவ்வளவும் சொன்ன பிறகுதான் குன்றையே குளிர வைப்பதுபோன்ற நள்ளிரவு என்கிறார். சட்டகத்துக்குள் எதை வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் எந்த நாட்டுப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அந்த டிசம்பரில் மறுபடி நந்தி மலைக்குப் போனேன். மேகக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். பைக் சைலன்சரில் கை காய்ச்சிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள். அவர்களுக்குக் கீழே என்ஜின் சூட்டுக்கு ஒட்டிப் படுத்த ஒரு நாய். பின்னால் பனிக்குள் பாதி கரைந்த பாறை. பெரியவருக்கு அனுப்பினேன். "ஸ்வெட்டர் கொண்டு போயிருந்தாயா?" என்று பதில் வந்தது.

திணைக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, பாலைக்கு நண்பகல். (நெய்தலின் எற்பாடு எந்த நேரம் என்பதில் உரைகாரர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது.) நிலத்தையும் பொழுதையும் பிரிக்காமல் முதற்பொருள் என்று ஒன்றாக வைத்தவர்கள் நம்மவர்கள். நண்பகலில் கேமராவை மூடிவை என்கின்றன ஆங்கிலக் கையேடுகள். நமக்கு அந்த நேரத்துக்கென்றே ஒரு திணை இருக்கிறது. சித்திரை வெயிலில் ராமநகரக் குன்றுகளை எடுக்கும்போது ராபர்ட் ஆடம்ஸும் பாலை பாடியவர்களும் ஒன்றாகப் பக்கத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றும்.

எங்கே தேடுவது, எப்படிக் காப்பது

படப் புத்தகங்கள் விலை கூடியவை. முதலில் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். சர்ச் தெருவில் பிளாசம், புக்வோர்ம் ஆகிய கடைகளில் கலைப் பிரிவின் கீழ்த் தட்டில் உட்கார்ந்து தேட வேண்டும். பெரிய அளவுப் புத்தகங்களை அங்கேதான் அடுக்குவார்கள். 1945இல் தொடங்கிய செலக்ட் புத்தகக் கடை பிரிகேட் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. அவசரத்தோடு போகிற இடமில்லை அது. கப்பன் பூங்காவுக்குள் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் மாநில மத்திய நூலகம். கஸ்தூரிபா சாலையில் 2023இல் திறந்த கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகத்தில் பழைய அச்சுப் பிரதிகளைச் சுவரில் மாட்டியிருப்பதையே பார்க்கலாம். திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தேவை. நெடுநல்வாடைக்கு அல்சூர் ஏரிக்கரையோரம் இருக்கும் தமிழ்ச் சங்கத்தில் கேளுங்கள். வீட்டிலிருந்தே படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பத்துப்பாட்டு உண்டு.

வாங்க வேண்டாதவை: நூறு குறிப்புகள், ஐந்நூறு ரகசியங்கள் என்று தலைப்பில் எண் போட்ட புத்தகங்கள், ஏதோ ஒரு வருடத்து மென்பொருளுக்கு எழுதிய கையேடுகள். பழைய புத்தகம் என்றால் கடையிலேயே பக்கங்களை எண்ணிவிடுங்கள். நடுவில் நல்ல படங்களை யாரோ பிளேடால் அறுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். எனக்கு ஒரு முறை அப்படிக் கிடைத்தது, பதினோரு பக்கம் காணோம்.

இந்த ஊரின் ஈரத்துக்கு ராமபாணப் பூச்சி கொண்டாட்டமாக வரும். சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வீசாமல் தட்டுகளில் போட்டுவையுங்கள். பூச்சியைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். படப் புத்தகங்களின் வழவழப்பான ஆர்ட் தாள் நனைந்து, அப்படியே காய்ந்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிறகு பிரிக்கவே முடியாது. சாவன்துர்காவிலிருந்து திரும்பும்போது செப்டம்பர் மழையில் என் பை நனைந்து ரோவெல் நனைந்துபோனார். காய வைக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது நல்லதாயிற்று. நனைந்த சில மணி நேரத்துக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ஒட்டுவது நின்றுவிடும். பிறகு நிதானமாக எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சு தாள் வைத்துப் பிரிக்கலாம். நான்கு நாள் இமயமலை பட்டாணிப் பொட்டலத்துக்கும் அரைத்த தேங்காய்க்கும் நடுவில் இருந்தது. வீட்டில் எதற்கு என்று கேட்டார்கள். புத்தகத்துக்கு அதுதான் பழகிய குளிர் என்று சொல்லி வைத்தேன்.